எர்த் குழிக்குத் தண்ணீர்

டக்.

அவ்வளவுதான் சத்தம். விரல் நகத்தால் மேசையைச் சுண்டினால் வருமே, அதைவிடப் பெரிதில்லை. ஆனால் அதைக் கேட்டதும் தாமரைச்செல்வி போட்டது போட்டபடி நின்றாள். கார் நிறுத்தும் இடத்துச் சுவரில் மாட்டியிருந்த சார்ஜர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பச்சை விளக்கு அணைந்து கிடந்தது.

"வந்துட்டியா? இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்கக் கூடாதா உனக்கு?" என்று பெட்டியைத் திட்டினாள்.

ஆனையூரில் சித்திரை மாதத்துச் சாயங்காலம் எப்படி இருக்கும் என்று அங்கே குடியிருப்பவர்களைத்தான் கேட்க வேண்டும். வெயில் போய்விடும், சூடு போகாது. சுவர் சுடும், குழாய்த் தண்ணீர் சுடும், கேட்டின் தாழ்ப்பாளைத் தொட்டால் கை பொத்துப் போகும். தெருமுனைக் கடையிலிருந்து வடை வேகிற எண்ணெய் வாசமும், எதிர்வீட்டு மாடியில் காயப்போட்ட மிளகாய் வற்றலின் நெடியும் காற்றில்லாத தெருவில் அப்படியே நிற்கும். அத்தனைக்கும் அடியில் இன்னொரு வாசமும் இப்போது வந்துகொண்டிருந்தது. புதுப் பானையில் முதல் தண்ணீர் ஊற்றியதும் எழும்பும் ஈரக் களிமண் வாசம். ஊரில் மழை பெய்து எத்தனையோ நாளாகிவிட்டது. அந்த வாசம் யாருக்குத்தான் பிடிக்காது? அவளுக்கோ முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது.

கார் இல்லாவிட்டால் அவளுக்கு ஒன்றும் ஓடாது. வேலை கப்பலூர் எஸ்டேட்டில், ஒரு பிளாஸ்டிக் கம்பெனியின் ஸ்டோரில். புருஷன் சின்னச்சாமி மஸ்கட்டில். பஸ் மாறி பஸ் மாறி வீடு வந்தால் பிள்ளை தூங்கிவிடும். அதனால்தான் இந்த பேட்டரி கார், அதற்கு வீட்டிலேயே இந்த சார்ஜர். எல்லாம் வாணிக்காக. இரண்டு கர்ப்பம் தங்காமல் கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய ஒற்றைப் பிள்ளை தமிழ்வாணி. அவளுக்கு ஒன்று என்றால் தாமரைச்செல்வி உயிரோடு இருக்க மாட்டாள். இதை அவளே தினமும் சாமி படத்துக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்வாள். சாமி காதில் விழுந்ததோ இல்லையோ, வேறு எதன் காதிலோ விழுந்திருக்கிறது.

குழி தோண்டிய கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

வீடு கட்டியவன் போட்ட எர்த் பேருக்குத்தான் இருந்தது. எங்காவது கரண்ட் கசிந்தால் அதை மண்ணுக்குள் இறக்கிவிடத்தானே எர்த்? அது சரியில்லை என்று புதுப் பெட்டி சிவப்பு விளக்கைக் காட்டி முரண்டு பிடித்தது. செல்லூரிலிருந்து அருள்பாண்டி வந்தான். தறிக்கூடங்களுக்கு ஒயரிங் செய்து பழகியவன், கை ஓய்ந்தாலும் வாய் ஓயாதவன். "புதுசா ஒரு குழி போட்ருவோம்க்கா" என்று கேட்டுக்குப் பக்கத்தில் கடப்பாரையைப் போட்டான். இடுப்பளவு போனதும் ணங் என்றது. மண்ணை விலக்கினால், கறுப்பும் சிவப்புமாக, வழவழவென்று ஒரு பெரிய பானையின் தோள். அதன் வாய்க்கு மேல் ஒரு பலகைக் கல்.

"கெணறு வெட்டப் பூதம் கெளம்புன கதையாவுல்ல இருக்கு!" என்று சிரித்தான். "முதுமக்கள் தாழிக்கா. எங்க சித்தப்பா ஊர்ல வாய்க்கா வெட்டுனப்பவும் இப்படித்தான் ஒண்ணு வந்துச்சு."

"உள்ள என்ன இருக்கும்?"

"எலும்பு இருக்கும்பாங்க. ஊர்ல வேற ஒரு கதையும் சொல்வாங்க. அந்தக் காலத்துல சில கெழடுகளுக்குச் சாவே வராதாம். சுருங்கிச் சுருங்கிக் கைப்பிள்ள கணக்கா ஆயிருமாம். வச்சுப் பாக்க முடியாம, காலை மடக்கி இதுக்குள்ள உக்கார வச்சு, கொஞ்சம் சோறும் தண்ணியும் வச்சு மூடிருவாகளாம். உசுரோட."

"வாயக் கழுவு அருளு. பிள்ளை நிக்கிது."

வாணி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு குழியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முறையாக அதிகாரிகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவளும் கேட்டாள். "சொல்லிட்டு? வேலியில போற ஓணானப் பிடிச்சு வேட்டிக்குள்ள விட்ட கதைதான்" என்றான் அருள்பாண்டி. "ஆளுக வந்து சுத்திக் கயிறு கட்டிருவாக. நீங்க கேட்டத் தொறக்க நாயா அலையணும்." நெற்றி வியர்வையைத் துடைக்கிற நேரம்தான் அவள் யோசித்தாள். பிறகு, "மூடிரு" என்றாள்.

மண்ணைத் தள்ளி மூடியிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் அவன் கெட்டிக்காரன் அல்லவா! வேறு இடத்தில் மறுபடி தோண்ட முதுகு வளையவில்லை. பலகைக் கல்லை நெம்பி நகர்த்தினான். குளிர்ந்த காற்று ஒன்று மேலே வந்து மூவர் முகத்திலும் பட்டது. தாழியின் அடியில் களிமண் குவிந்து, பரங்கிக்காய் மாதிரி உருண்டையாக ஒரு மேடு. "ஈரத்தப் பாருங்கக்கா, எர்த்துக்கு இதவிட எடம் எங்க கெடைக்கும்?" என்றபடி செம்புக் கம்பியை அந்த மேட்டின் நட்டநடுவில் வைத்தான். சுத்தியலை ஓங்கக்கூட வேண்டியிருக்கவில்லை. கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. சுற்றிலும் உப்பையும் கரியையும் கொட்டி, தண்ணீர் ஊற்றுவதற்கு ஒரு பிளாஸ்டிக் குழாயை நிறுத்தி, மண்ணை நிரப்பி மேலே சிமெண்ட் பூசினான். குழாயின் வாய் தரைக்கு மேல் ஒரு சாண் நின்றது. வாணியின் கை நுழையும் அகலம், அவ்வளவுதான்.

அன்று பச்சை விளக்கு எரிந்தது. மறுநாள் சாயங்காலமே அந்த டக்.

அருள்பாண்டி வந்து பார்க்காத இடமில்லை. காரைக் கழற்றிவிட்டுப் போட்டான், டக். பிளக்கைத் துடைத்து ஊதிப் போட்டான், டக். ஒயரை மாற்றினான், பெட்டியையே மாற்றினான். டக், டக்.

"இந்த ட்ரிப்பர் இருக்குல்லக்கா" என்று சுவரில் இருந்த சின்ன சுவிட்சைத் தொட்டுக் காட்டினான். "போற கரண்டையும் வார கரண்டையும் பாத்துக்கிட்டே இருக்கும். எம்புட்டுப் போச்சோ அம்புட்டும் திரும்பி வந்துரணும். கொஞ்சம் கொறைஞ்சாலும் நடுவுல ஏதோ ஒண்ணு எடுத்துக்கிருதுன்னு அர்த்தம். டக்குனு அணைச்சிரும். ஆளு உசுரக் காப்பாத்துற சாமான் இது."

"நடுவுல எது எடுத்துக்கிருது?"

அவன் இடுக்கி மாதிரி இருந்த மீட்டரை எர்த் ஒயரில் கவ்வவிட்டான். எண் ஓடியது. "குழிக்குத்தான் போகுது" என்றான். பிறகு வீட்டின் மெயினையே அணைத்தான். மின்விசிறி ஓய்ந்தது, ஃபிரிஜ் முனகி அடங்கியது. வீட்டுக்குள் ஒரு பொட்டுக் கரண்ட் கிடையாது. மீட்டரில் எண் ஓடிக்கொண்டே இருந்தது. ஏறியது, இறங்கியது. நிதானமாக மறுபடி ஏறி இறங்கியது. தூங்குகிறவர்களின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் இருக்கும்.

அருள்பாண்டி கிட்டே குனிந்து பார்த்தான். மீட்டரைத் தட்டினான், அதன் பேட்டரியை மாற்றினான். எண் ஏறியது, இறங்கியது. "மீட்டர் கோளாறுக்கா" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "குழி காஞ்சு கெடக்கும். தெனம் ஒரு குடம் தண்ணி ஊத்துங்க. அடங்கிரும்."

"நான் ஊத்துறேம்மா!" என்று குதித்தாள் வாணி.

அப்படித்தான் பிள்ளைக்கு அந்த வேலை வந்தது. பக்கத்துவீட்டு பாகீரதி டீச்சரிடமிருந்து அவளைக் கூட்டி வந்ததும், கொலுசு சலசலக்க ஓடிப்போய் ரோஸ் வாளியில் தண்ணீர் பிடித்து, குழாய்ப் பக்கத்தில் குத்தவைத்து ஊற்றுவாள். மண்ணுக்குள் போகிற தண்ணீருக்கு ஒரு சத்தம் உண்டு. வயக்காட்டில் பிறந்த தாமரைச்செல்விக்கு அது தெரியாதா? இது அந்தச் சத்தமில்லை. மடக் என்று ஒரு வாய். ஒரு நிறுத்தம். மடக் என்று இன்னொரு வாய்.

"யாருகிட்டடி பேசிக்கிட்டு இருக்க?"

"உள்ள இருக்குற பாப்பாகிட்ட."

"எந்தப் பாப்பா?"

"சின்னப் பாப்பாம்மா. அதுக்குக் காலை நீட்ட எடமில்லயாம். தலை வலிக்கிதாம். கம்பி குத்துதாம்."

அருள்பாண்டி உளறியதைப் பிள்ளை பிடித்துக்கொண்டது என்று நினைத்துச் சிரித்தாள். அன்றைக்கு வாணிக்குச் சோறு ஊட்டும்போது கண் வாசலுக்கே போய், குழம்பு தரையில் சிந்தியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி எடுத்தாள். கறி கழுவின தண்ணீரைக் கீழே கொட்டுவது அவள் பிறந்த வீட்டில் வழக்கமில்லை. கறிவேப்பிலைக்கோ முருங்கைக்கோ ஊற்றுவார்கள், கொழுகொழுவென்று வளரும். இந்த வீட்டில் செடி ஏது, வாசல் முழுக்க சிமெண்ட். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத ஊரில், சட்டி நிறையச் சிவந்த தண்ணீரை வைத்துக்கொண்டு அவள் யோசித்தாள். எர்த் குழிக்குத்தான் தண்ணீர் வேண்டுமே. ஊற்றினாள்.

மடக், மடக், மடக், மடக். நிறுத்தமே இல்லை.

அந்த வாரம் டக் சத்தம் கேட்கவில்லை. பச்சை விளக்கு விடிய விடிய எரிந்தது. அவளுக்குப் புரியவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகப் புரிந்தது. புரிந்ததைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தாள், அவ்வளவுதான். தண்ணீரின் சிவப்பு குறைந்தால் விளக்கு சிமிட்டுகிறது என்று தெரிந்தபின், கறிக்கடையில் போய், "நாய்க்கு" என்று சொல்லி ரத்தம் வாங்கினாள். நாய் வளர்க்காத வீடு! பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்து, பிள்ளை பார்க்காத நேரம் ஊற்றினாள். காலையில் காரை எடுக்கும்போது எல்லாம் மறந்துபோகும்.

சித்திரை முடியும் சமயம் ரத்தத்துக்கும் அது அடங்கவில்லை. டக். சுவிட்சைத் தூக்கிவிட்டால் உடனே டக். குளியலறைக் குழாயைத் தொட்டால் சுரீர் என்றது. வாணியின் கையில் பூனைமுடி எப்போதும் சிலிர்த்து நின்றது.

இன்று விளக்கு அணைந்ததும், பெட்டியைத் திட்டிவிட்டுத் திரும்பியவள் குழாய்ப் பக்கம் பார்த்தாள். வாணி குழாயை ஒட்டி, காதைத் தரையில் வைத்துப் படுத்திருந்தாள். கை முழங்கைவரை உள்ளே.

"வாணி!"

பிள்ளை நிதானமாகக் கையை எடுத்தாள். விரல் நுனியெல்லாம் ஈரக் களிமண். "அம்மா, அதுக்கு ரத்தம் போதுமாம். எடம் மாத்தி விளையாடலாமான்னு கேக்குது."

தாமரைச்செல்வி அடித்தாள். பயத்தில் அடித்த அடி, பலமாகவே விழுந்தது. கன்னத்தில் விரல் பதிந்தது. "இனிமே அங்க போய்ப் பேசுவியா? பேசுவியா?" வாணி வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினாள். குழாய்க்கு ஒரு மூடியைத் தேடி எடுத்துத் திருகி மூடிவிட்டு, அருள்பாண்டிக்குப் போன் போட்டாள். "அருளு, எனக்கு காரும் வேணாம் ஒண்ணும் வேணாம். குழிய உடைச்சு அந்தக் கம்பிய உருவி எடு. நாளைக்கே."

"காலையில கடப்பாரையோட வாரேன்க்கா."

விளக்கேற்ற உள்ளே போனாள். இரண்டு நிமிஷ வேலை. பிள்ளை கேட்டுக்குப் பக்கத்தில் தேம்புவது காதில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. திரியைத் திரித்து, எண்ணெயில் தோய்த்து, தீக்குச்சியை உரசியபோது தெருவிலேயே கரண்ட் போனது. எதிர்வீட்டு டிவி நின்றது. யார் வீட்டிலோ ஓடிய மிக்சி நின்றது. தேம்பலும் நின்றது.

மடக்.

கொலுசுச் சத்தம். ஒரே ஒரு தடவை.

ஓடினாள். வாணி சிமெண்ட் பூச்சின் மேல் உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தாடையை முட்டியில் வைத்துக்கொண்டு. அழவில்லை. குழாயின் மூடி பக்கத்தில் கிடந்தது. தாமரைச்செல்வி பிள்ளையை வாரி எடுத்து முத்தமிட்டாள். உடம்பு மண்பானைத் தண்ணீர்போல் குளிர்ந்திருந்தது. வெயிலுக்கு இதம் என்றுகூட அந்தப் பாவி மனசுக்குத் தோன்றியது.

கரண்ட் வந்தது. சுவிட்சைத் தூக்கினாள். டக் இல்லை. பச்சை விளக்கு.

காலையில் அருள்பாண்டி கடப்பாரையைச் சாத்திவிட்டு முதலில் மீட்டரைத்தான் மாட்டினான். மாட்டியவன் வாயெல்லாம் பல்லாக நிமிர்ந்தான். "அக்கா, சுத்தமா பூஜ்யம்! போனது அம்புட்டும் திரும்பி வந்துருச்சு. துளி வித்தியாசம் இல்ல. சொக்கத்தங்கமா வேலை செய்யிறத எதுக்குக்கா உடைக்கணும்?"

ஐயோ, அவளும் அப்போது சந்தோஷப்பட்டாள். கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று லீவு போட்டுவிட்டுப் பிள்ளையோடு இருந்தாள். வாணி தண்ணீர் குடித்தாள். சொம்பு சொம்பாகக் குடித்தாள். தாமரைச்செல்வி பணியாரம் சுட்டு வைத்தாள், பிள்ளை தொடவில்லை. உப்பு ஜாடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நக்கினாள். பாயில் படுக்க வைத்தால் எழுந்து மூலையில் போய், காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

"அம்மா அடிச்சதுக்குக் கோவமாடி?" தாமரைச்செல்வி மூலைக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இனிமே அம்மா அடிக்க மாட்டேன். ஒரு நாளும் அடிக்க மாட்டேன்டா. வா, சடை பின்னி விடுறேன்."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வாசல்படியில் உட்கார்ந்து, பிள்ளையைக் கால்களுக்கு நடுவில் இருத்தி, எண்ணெய் தேய்த்தாள். எண்ணெய் வாசம் மேலே வரவில்லை. களிமண் வாசம்தான் வந்தது. காலைப் பார்த்தாள். கொலுசைக் காணோம். சீப்பை உச்சியில் வைத்து வகிடு எடுத்தாள்.

சீப்பின் பல் எதிலோ இறங்கியது.

முடியை விலக்கினாள். உச்சந்தலையில், வகிட்டின் நட்டநடுவில், வட்டமாக ஒரு குழி. சுண்டு விரல் நுழையும். சுற்றிலும் பச்சையாக ஏதோ படிந்திருந்தது. விளக்காத செம்புச் சொம்பில் படியுமே, அந்தக் களிம்பு.

செம்புக் கம்பி.

பரங்கிக்காய் மாதிரி உருண்டையான மேடு.

அவள் மூச்சு விடவில்லை. தெருவில் ஒரு சைக்கிள் மணி. அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம், சிமெண்டுக்கு அடியிலிருந்து, குழாய் வழியாக, ரொம்பச் சன்னமாக.

"அம்மா."

சீப்பு கீழே விழுந்தது.

"அம்மா, அடிக்காதம்மா. இனிமே பேச மாட்டேம்மா. கால் நீட்ட முடியலம்மா." கொலுசு சலசலத்தது. மண்ணுக்குள். "தண்ணி தாம்மா."

எழுந்திருக்கப் போனாள். அவள் கால்களுக்கு நடுவில் இருந்தது முந்திக்கொண்டு எழுந்தது. முதுகு நிமிராமல், முட்டி நீளாமல், தவளைபோல் நடந்து குழாய்க்குப் போனது. பக்கத்தில் கிடந்த மூடியை எடுத்தது. அவசரமில்லாமல் திருகி இறுக்கியது. சத்தம் பாதியில் அறுந்தது.

"ஊத்தாத." வாணியின் வாய். குரல் வாணியுடையதில்லை. எத்தனையோ காலமாகப் பேசாத தொண்டையில் மண் சரிந்தது. "மொதல்ல கத்தும். அப்புறம் பழகிரும்."

திரும்பி வந்தது. பழைய இடத்திலேயே, அவள் கால்களுக்கு நடுவில் உட்கார்ந்தது. கீழே கிடந்த சீப்பை எடுத்து அவள் கையில் வைத்து, சின்ன விரல்களால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

சுரீர் என்றது. தோள்வரை ஏறியது. கை ஒட்டிக்கொண்டது, உதற முடியவில்லை. பல் கிட்டித்தது, கத்த முடியவில்லை. தெருவில் போன யாரோ, அம்மா பிள்ளைக்குச் சடை பின்னுகிற அழகைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

"பின்னி விடும்மா" என்றது அது.

சிமெண்டுக்கு அடியில் பிஞ்சுக் கை தட்டுவது அவள் உள்ளங்காலில் தெரிந்தது. தட்டிக்கொண்டே இருந்தது. அவள் கண்ணைமட்டும் உருட்டி, சுவரில் இருந்த சுவிட்சைப் பார்த்தாள். ஆள் உசுரைக் காப்பாற்றுகிற சாமான். போனதும் வந்ததும் சரியாக இருந்தது. பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. அவள் கை தானாக நகர்ந்து, முதல் பின்னலைப் போட்டது. அவள் அந்த டக் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.